மை ஃபேர் லேடி: மாணவர்களுக்குக் கேட்பிக்க எந்த ஒலிப்பதிவு ஏற்றது?

கோத்தகிரி ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகே ஒரு பள்ளியில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் வீட்டில் படுக மொழி பேசுகிறவர்கள். மற்றவர்கள் தேயிலைத் தோட்ட லயன் வீடுகளில் தமிழ் பேசி வளர்ந்தவர்கள். ஆங்கிலத்தைப் பிழையில்லாமல் எழுதுகிற பிள்ளைகள்கூட வாய் திறந்து பேசத் தயங்குவதைப் பார்த்துப் பார்த்து, பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்திலிருந்து சில காட்சிகளை இவ்வாண்டு சேர்ந்து வாசித்தோம். தெருவில் பூ விற்கும் எலைசாவின் பேச்சைத் திருத்தி ஆறே மாதத்தில் அவளைச் சீமாட்டி என்று ஊரை நம்பவைக்கிறேன் என ஒலியியல் பேராசிரியர் ஹிக்கின்ஸ் பந்தயம் கட்டும் அந்தக் கதை, நான் எதிர்பார்த்ததைவிட ஆழமாக அவர்களைத் தொட்டது. பேச்சைக் கொண்டு ஒருவரை எடைபோடும் வழக்கத்தை அவர்கள் ஏற்கெனவே அறிந்திருக்கிறார்கள்.

அந்த நாடகத்தை இசைநாடகமாக்கிய 'மை ஃபேர் லேடி'யை, வரும் நான்கு சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடத்திலேயே அவர்களுக்குக் கேட்பிக்க விரும்புகிறேன். மேடை நாடகத்தைப் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்கு இல்லை; ஆகவே ஒலிப்பதிவுதான் எங்கள் மேடை. ஆனால் ஒரே நாடகத்துக்கு இத்தனை பதிவுகள் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. முதல் நியூயார்க் நடிகர்கள் பாடிய 1956ஆம் ஆண்டுப் பதிவு, லண்டன் நடிகர்கள் பாடிய 1959ஆம் ஆண்டுப் பதிவு, 1964இல் வந்த திரைப்படத்தின் பாடல்கள், 1987இல் ஓபரா பாடகியைக் கொண்டு செய்த பதிவு, அண்மைக்கால மேடையேற்றங்களின் பதிவுகள் என்று வரிசை நீள்கிறது. 'முதல் நடிகர் குழு' என்று விளம்பரத்தில் போட்டிருந்ததை நம்பி இணையத்தில் ஒரு குறுந்தகடு வாங்கினேன்; உறையைப் பிரித்தால் உள்ளே திரைப்படப் பாடல்கள் இருந்தன. விற்றவரிடமிருந்து பதில் வரவேயில்லை. இன்னொரு முறை பணத்தை வீணாக்க மனமில்லாததால் முதலில் இங்கே கேட்கிறேன்.

எங்களிடம் இருப்பது கைக்கு அடக்கமான ஒற்றை ஒலிபெருக்கி. கூடமோ தகரக் கூரை வேய்ந்தது. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மெல்லிய இசையெல்லாம் கூரையோடு போய்விடும். குரல் மட்டுந்தான் மிஞ்சும். ஒரே ஒரு பதிவைத்தான் வாங்க முடியும் என்றால் எதை வாங்க வேண்டும்?

குன்னூர் இசைத்தட்டு அன்பர் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். 1956ஆம் ஆண்டு நியூயார்க் பதிவையே வாங்குங்கள். ஏன் என்று சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். ஏனெனில் 1956, 1959 ஆகிய இரண்டு பதிவுகளும் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக என் வீட்டில் இருக்கின்றன. தோட்டத்து பங்களா ஒன்றைக் காலி செய்துகொண்டு ஊருக்குக் கிளம்பிய ஒரு குடும்பத்திடமிருந்து ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளை வாங்கினேன்; அதில் இவை இரண்டும் அடுத்தடுத்து இருந்தன. குன்னூர் ஈரத்தில் ஆண்டுக்கு இருமுறையாவது உறைகளில் வெள்ளைப் பூசணம் படரும். உலர்ந்த துணியால் துடைத்து, வெயில் காணும் நாளில் சாளரத்தருகே நிறுத்திவைத்து, இன்றுவரை காப்பாற்றி வருகிறேன்.

முதலில், நீங்கள் ஏமாந்ததைப் போல் மீண்டும் ஏமாறாமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். உறைப்படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேகத்தின் மேல் அமர்ந்திருக்கும் ஷா பொம்மலாட்டக்காரரைப் போல் ஹிக்கின்ஸை நூலில் ஆட்ட, அந்த ஹிக்கின்ஸ் எலைசாவை நூலில் ஆட்டுவதாக ஆல் ஹிர்ஷ்ஃபெல்ட் வரைந்த புகழ்பெற்ற கோட்டோவியம் என்னிடமுள்ள இரண்டு உறைகளிலுமே இருக்கிறது. அமெரிக்கக் கொலம்பியா நிறுவனத்தின் பழைய தட்டாக இருந்தால் எண்ணைப் பாருங்கள்: ஓ.எல். 5090 என்றால் நியூயார்க், மோனோ (ஒற்றைத் தட ஒலி); ஓ.எஸ். 2015 என்றால் லண்டன், ஸ்டீரியோ (இடம், வலம் எனப் பிரிந்த இரட்டைத் தட ஒலி). குறுந்தகடாகவோ இணையவழியாகவோ வாங்கினால் நடிகர் பெயர்களைப் பாருங்கள். ஜூலி ஆண்ட்ரூஸ் (எலைசா), ரெக்ஸ் ஹாரிசன் (ஹிக்கின்ஸ்), ஸ்டான்லி ஹாலோவே, ராபர்ட் கூட் ஆகிய நால்வரும் இரண்டிலும் பாடியிருக்கிறார்கள் என்பதால் அவர்கள் பெயரால் பிரித்தறிய முடியாது. எலைசாவைக் காதலிக்கும் இளைஞன் ஃபிரெடி பாத்திரத்தில் ஜான் மைக்கேல் கிங் இருந்தால் நியூயார்க், லெனர்ட் வெயர் இருந்தால் லண்டன். திரையில் எலைசாவாக நடித்த ஆட்ரி ஹெப்பர்னின் படம் உறையில் இருந்தால் அது திரைப்படம், அங்கேயே நின்றுவிடுங்கள்.

இனி, ஏன் முதல் பதிவு? ஆலன் ஜே லெர்னர் எழுதி ஃபிரெடரிக் லோவி இசையமைத்த இந்த நாடகம், 1956 மார்ச் 15 அன்று நியூயார்க்கின் மார்க் ஹெலிங்கர் அரங்கில் அரங்கேறியது. பத்தே நாளில், மார்ச் 25 ஞாயிற்றுக்கிழமை, நாடகத்துக்கு விடுமுறையாயிருந்த அந்த ஒரு நாளில், கொலம்பியாவின் 30ஆம் தெருக் கூடத்தில் தயாரிப்பாளர் காடர்ட் லீபர்சன் முழு ஆல்பத்தையும் பதிவு செய்து முடித்தார். முன்பு தேவாலயமாக இருந்த கூடம் அது. கூரை மிக உயரம். அங்கே பதிவான குரலைச் சுற்றி ஒரு காற்றோட்டம் இருப்பதை உங்கள் சிறிய ஒலிபெருக்கியில்கூட உணரலாம். நடிகர்களுக்கு அப்போது வெற்றி கிடைத்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அந்தப் பரபரப்பு ஒவ்வொரு பாட்டிலும் இருக்கிறது.

ஜூலி ஆண்ட்ரூஸுக்கு அப்போது இருபது வயது. ஒத்திகையின்போது எலைசா பாத்திரம் அவருக்குக் கைவரவில்லை என்றும், இயக்குநர் மாஸ் ஹார்ட் மற்றவர்களையெல்லாம் அனுப்பிவிட்டு இரண்டு நாள் அவரோடு மட்டும் இருந்து, வரி வரியாக, அசைவு அசைவாகக் கற்றுக்கொடுத்தார் என்றும் பதிவாகியிருக்கிறது. ஹிக்கின்ஸ் எலைசாவுக்குச் செய்ததை ஹார்ட் ஆண்ட்ரூஸுக்குச் செய்திருக்கிறார். கற்றுக்கொண்டிருக்கும் ஒருத்தியின் குரல் அந்தப் பதிவில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஹாரிசனும் அப்படித்தான். அவர் பாடகர் அல்லர். நியூ ஹேவன் முன்னோட்டத்தின்போது முழு இசைக்குழுவோடு பாட அஞ்சி மேடையேறவே மறுத்துப் பின்னர் இணங்கியவர். சொற்களைப் பேச்சுக்கும் பாட்டுக்கும் இடையில் நிறுத்தி, தாளத்தை மட்டும் கைவிடாமல் கொண்டுசெல்லும் அவருடைய முறையில் 1956இல் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. எந்த இடத்திலும் இசைக்குழு தம்மை விட்டுப் போய்விடக் கூடாதே என்று காதைத் தீட்டிக்கொண்டு பாடுகிறார்.

1958 ஏப்ரல் 30 அன்று லண்டன் துரூரி லேன் அரங்கில் இவர்களே நடித்தார்கள். இடையில் ஸ்டீரியோ இசைத்தட்டு சந்தைக்கு வந்துவிட்டதால், 1959இல் அதே பாடல்களை லண்டனில் மீண்டும் பதிவு செய்தார்கள். ஒலித் துல்லியம் கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் ஹாரிசன் அந்தப் பாத்திரத்தில் மூன்றாண்டு ஊறியவர். சொற்களை இழுக்கிறார், நிறுத்துகிறார், தம் இரசிகர்கள் எங்கே சிரிப்பார்கள் என்று தெரிந்துகொண்டு பேசுகிறார். ஆண்ட்ரூஸின் குரல் இன்னும் செழுமையாகியிருக்கிறது; ஆனால் தொடக்கப் பாடல்களிலேயே சீமாட்டியின் நிதானம் எட்டிப்பார்க்கிறது. பூக்காரிக்கும் சீமாட்டிக்கும் இடையிலுள்ள தொலைவுதான் இந்த நாடகம். அந்தத் தொலைவு முதல் பதிவில் அதிகம் என்பது என் துணிபு.

ஒற்றை ஒலிபெருக்கி வைத்திருப்பவர்களுக்கு ஸ்டீரியோவால் ஒரு பயனும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மோனோ பதிவில் குரல் நடுவில், முன்னால் நிற்கும். மழைக்கு அதுவே ஏற்றது.

உதகை இசை ஆசிரியர் எழுதியது:

குன்னூர் அன்பர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். 1987ஆம் ஆண்டுப் பதிவைப் பற்றி யாரும் சொல்லாததால் அதைப் பற்றிச் சில வார்த்தைகள். நியூசிலாந்தின் ஓபரா பாடகி கிரி டி கனாவா எலைசாவாகவும், ஜெரமி அயன்ஸ் ஹிக்கின்ஸாகவும், ஜான் கீல்குட் ஹிக்கின்ஸின் நண்பர் கர்னல் பிக்கரிங்காகவும் பங்கேற்க, லண்டன் சிம்பொனி இசைக்குழுவை ஜான் மௌசெரி நடத்தினார். ராபர்ட் ரஸ்ஸல் பென்னட்டும் ஃபிலிப் லாங்கும் இந்த நாடகத்துக்கு எழுதிய இசைக்கோவையின் அழகை முழுமையாகக் கேட்க விரும்புகிறவர்களுக்கு அதைப் பரிந்துரைப்பேன். தந்திக் கருவிகளின் அடியில் மரக்குழல்கள் செய்யும் வேலையெல்லாம் அதில் தெளிவாகக் கேட்கும். ஆனால் உங்கள் தேவைக்கு அது உதவாது. டி கனாவாவின் பயின்ற குரல், பூக்கூடையோடு தெருவில் நிற்கும் பெண்ணின் முதல் பாட்டிலேயே அரங்கை நிறைத்துவிடுகிறது. கற்றுக்கொள்ள அவளுக்கு எதுவும் மீதமில்லை என்று தோன்றிவிடுகிறது.

இன்னொன்று. ஹாரிசன் பாடும் முறையைப் பிள்ளைகள் 'இது பாட்டே இல்லையே' என்று தள்ளிவிடக்கூடும். நம் இசை நாடக மேடையை நினைவூட்டுங்கள். வள்ளி திருமணத்தில் நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யும்போது வசனம் எங்கே முடிந்தது, பாட்டு எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. தாளமில்லாமல் சொல்லை நிறுத்திப் பாடும் விருத்தம் நமக்குப் புதிதல்ல; ஹாரிசன் தாளத்தை விடாமல் பேசுகிறார் என்பதுதான் வேறுபாடு. அதேபோல், எலைசாவின் தந்தை டூலிட்டிலாக வரும் ஸ்டான்லி ஹாலோவே, இங்கிலாந்தின் பழைய மியூசிக் ஹால் மேடைகளில் பழுத்தவர். 1956இல் அவருக்கு அறுபத்தைந்து வயது. நம் நாடகத்தில் பபூன் வந்து நின்றவுடன் கூட்டம் நிமிர்ந்து உட்காருமே, அந்த உயிர்ப்பை அவருடைய இரண்டு பாடல்களிலும் கேட்கலாம். நியூயார்க், லண்டன், திரைப்படம் மூன்றிலும் அவரே என்பதால் அந்தப் பாத்திரத்தைப் பொறுத்தவரை எதை வாங்கினாலும் இழப்பில்லை.

கூடலூர் வாசகர் எழுதியது:

நான் மாறுபடுகிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் திரைப்படத்தைக் காட்டுங்கள். ஆங்கிலத்தைக் காதால் மட்டும் பின்தொடர்வது கடினம்; முகத்தையும் உடையையும் பார்த்தால்தான் கதை பிடிபடும். ஆட்ரி ஹெப்பர்னுக்குப் பெரும்பாலான பாடல்களை மார்னி நிக்சன் பாடியதைக் குறையாகச் சொல்வார்கள். பின்னணிப் பாடல்களோடு வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது ஒரு குறையாகவே தோன்றாது. ஹாரிசன் படத்தில் வாயசைக்க மறுத்து, கழுத்துப்பட்டையில் கம்பியில்லா ஒலிவாங்கியை மறைத்துக்கொண்டு படப்பிடிப்பிலேயே நேரடியாகப் பாடினார் என்பதால் அவருடைய பகுதிகளில் மேடையின் உயிர் அப்படியே இருக்கிறது. ஆந்த்ரே பிரெவின் இசையை விரிவாக்கி நடத்திய விதத்துக்கு ஆஸ்கார் கிடைத்தது. உங்களிடம் ஏற்கெனவே வந்து சேர்ந்த தகட்டையே பயன்படுத்தலாமே?

குன்னூர் இசைத்தட்டு அன்பர் எழுதியது:

கூடலூர் நண்பரின் கருத்தை மதிக்கிறேன். படத்தைப் பின்னர் காட்டுவதில் எனக்கும் மறுப்பில்லை. எனினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். நம் பின்னணிப் பாடல் மரபை நானும் நேசிக்கிறேன். வேறு எந்தக் கதையிலும் குரல் இரவலாக இருப்பது எனக்கு உறுத்தாது. ஆனால் இந்தக் கதை முழுவதும் ஒரு பெண் தன் வாயால், தன் நாக்கால், இரவெல்லாம் விழித்துப் பாடுபட்டு ஈட்டிய பேச்சைப் பற்றியது. ஹிக்கின்ஸைத் திட்டித் தீர்க்கும் பாட்டில் ஹெப்பர்னின் சொந்தக் குரல் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. சுருதி சற்று முன்பின்னாக இருந்தாலும் நெஞ்சைத் தொடும் குரல். நடுவே மேலே எழும்பும் பகுதி வந்ததும் நிக்சனின் குரல் புகுந்துவிடுகிறது. பேச்சொலிகளைக் கூர்ந்து கேட்கப் பழக்கும் வகுப்பில், சரியாக அந்த இடத்தில் ஆள் மாறிவிட்டால், பிள்ளைகள் எதைப் பின்தொடர்வார்கள்? நடிப்பும் பேச்சும் பாட்டும் ஒரே உடலிலிருந்து வரவேண்டிய நாடகம் இது. கிட்டப்பாவையும் கே.பி. சுந்தராம்பாளையும் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அது எளிதில் புரியும்.

கோத்தகிரி ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஃபிரெடியின் பெயரைப் பார்த்து உறுதி செய்துகொண்டு 1956ஆம் ஆண்டுப் பதிவை வாங்கினேன். இரண்டு சனிக்கிழமைகள் முடிந்துவிட்டன. நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க, திரைப்படத் தகட்டிலிருந்தும் ஒரு பாட்டை முதல் நாளே போட்டுக் காட்டினேன். கூடலூர் அன்பர் சொன்னபடியே யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. ஆனால் குன்னூர் ஐயா சுட்டிய திட்டும் பாட்டை இரண்டு பதிவிலும் அடுத்தடுத்துப் போட்டபோது, பின்வரிசையில் வழக்கமாக வாய் திறக்காத ஒரு மாணவி, 'இது இரண்டு அக்கா பாடுறாங்க, மிஸ்' என்றாள். நான் அதுவரை நிக்சனைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

மழையைப் பற்றிய பாட்டுக்கு, வேடிக்கையாக, வெளியேயும் மழை பிடித்துக்கொண்டது. எலைசா முதலில் 'ரைன்', 'ஸ்பைன்' என்று சொல்லிக்கொண்டிருந்து, திணறி, நின்று, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்து, 'ரெயின்', 'ஸ்பெயின்' என்று முதன்முறையாகச் சரியாகச் சொல்லும் இடத்தைக் கூரைச் சத்தத்துக்கு நடுவே ஒலிபெருக்கியைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்து கேட்டோம். மோனோ பற்றி ஐயா சொன்னது முற்றிலும் உண்மை. வயலின்கள் மழையில் கரைந்தன, குரல் கரையவில்லை. அவள் சொன்னது சரியாக வந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

எலைசா ஹகரத்தை விழுங்குவது ஏன் அவ்வளவு பெரிய குற்றம் என்று ஒரு மாணவன் கேட்டான். நாம் ஹோட்டலை ஓட்டல் என்றுதானே சொல்கிறோம், பலகையிலேயே அப்படித்தானே எழுதியிருக்கிறது என்றான். நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்வதற்குப் பதில், தமிழில் தங்களுக்கு நேர்ந்ததை எழுதச் சொன்னேன். 'ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கி விழுந்தான்' என்ற வரியைச் சிறுவயதில் வகுப்பின் முன்னால் திரும்பத் திரும்பச் சொல்லவைத்ததை ஐந்து பேர் எழுதியிருந்தார்கள். அந்த வரி தங்களுடைய 'ரெயின் இன் ஸ்பெயின்' என்று ஒருவன் தலைப்பிட்டிருந்தான்.

ஒரு கேள்வி மீதமிருக்கிறது. மேடை நாடகத்தின் முடிவில், எலைசா போய்விட்ட பின் ஹிக்கின்ஸ் தனியே அமர்ந்து, அவள் முதன்முதலில் வந்த நாளில் இயந்திரத்தில் பதிந்துவைத்த அவளுடைய பழைய பேச்சைப் போட்டுக் கேட்கிறார் என்று படித்தேன். முகமும் கையும் கழுவிவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று அவள் தன் பழைய வழக்கில் சொல்வது அரங்கில் ஒலிக்குமாம். நாங்கள் வாங்கிய பதிவில் ஹிக்கின்ஸின் கடைசிப் பாட்டோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. அந்த இடத்தை எப்படி ஈடுகட்டுவது?

குன்னூர் இசைத்தட்டு அன்பர் எழுதியது:

1959ஆம் ஆண்டுத் தட்டும் என்னிடம் பாட்டோடுதான் முடிகிறது, அம்மா. மூன்று மணி நேர நாடகத்தை ஒரு தட்டின் இரண்டு பக்கங்களில் அடைக்க வேண்டியிருந்த காலம். வசனங்களை விட்டுத்தான் ஆக வேண்டும். திரைப்படத்தில் அந்தக் காட்சி முழுமையாக இருக்கிறது. உங்களிடமுள்ள தகட்டில் பாடல்கள் மட்டும் இருப்பதால், அந்தக் காட்சிக்கு மட்டும் கூடலூர் நண்பர் சொன்னபடி படத்தை நாடுங்கள். அல்லது நாடகப் பிரதியிலிருந்து பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லலாம்.

கோத்தகிரி ஆசிரியை எழுதியது:

நன்றி, ஐயா. சூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில், ஒவ்வொரு பிள்ளையும் ஆங்கிலத்தில் ஒரு பத்தியும் தமிழில் ஒரு பத்தியும் வாசித்ததை என் கைப்பேசியில் பதிந்துவைத்திருக்கிறேன். அவர்கள் அதை மறந்தே போயிருப்பார்கள். நான்காம் சனிக்கிழமை ஹிக்கின்ஸின் கடைசிப் பாட்டு முடிந்ததும், விருப்பமுள்ளவர்களின் குரலை மட்டும், அவரவர் ஒப்புதல் பெற்றபின், அதே ஒலிபெருக்கியில் போடப் போகிறேன். பின்வரிசை மாணவியிடம் இன்று கேட்டேன். தன்னுடையதை முதலில் போடச் சொல்லியிருக்கிறாள்.